குறைபாட்டுக் கடிதம்

லிட்டில் ராக், பிப்ரவரி.
ஜன்னலுக்குக் கீழே ஆர்கன்சாஸ் ஆறு
சோயா ஏற்றிய படகுகளைச் சுமந்து போகிறது.
என் மேசையில் இரண்டு விண்ணப்பங்கள்.

சட்டம் கேட்பது இவ்வளவுதான்:
வழக்கு வருமுன்பே
வக்கீலுக்கென்று மாதாமாதம் காசு வாங்குகிறவன்
வழக்கு வரும் நாளில்
இருக்க வேண்டும்.
இதைச் சொல்லி முடிக்க
பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது.

முதல் கோப்பு செங்கல் கனம்.
ஐம்பதாயிரம் டாலர் பிணைப்பத்திரம், உண்டு.
தணிக்கையான கணக்கு, உண்டு.
மாதிரி ஒப்பந்தம்,
கண்ணாடி இல்லாமலே படிக்கலாம், அத்தனை பெரிய எழுத்து.
முப்பத்தெட்டு வழக்கறிஞர்கள், பதிவெண்களோடு.
பத்து விரல்களின் ரேகையும்
கோலம் போட்டதுபோல் சுத்தம்.

ப்ரென்ட் ஹாலக்.
இந்தப் பெயரை எனக்குத் தெரியும்.
கம்பெனி பெயர்தான் புதிது.
மூன்று வருடம் முன்பு கான்வேயில்
காலி அறை ஒன்றில் அவர் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.
டெல்ஃபா ஸ்ட்ரவுட் என்ற பெண்
வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு
பதினொரு முறை கூப்பிட்டாள்.
ஆறு வருடச் சந்தாவுக்குக்
கேட்கக் கிடைத்தது புல்லாங்குழல்.
அவள் கடிதத்துக்கு வரிசை எண் போட்டவள் நான்.
பிறகு ஒரு சமரச உத்தரவு, ஓர் அபராதம்;
குற்றத்தை அவர் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

பத்தொன்பதாம் கேள்வி:
நீதிமன்றத்தால் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?
இல்லை.
உண்மைதான்.
ஆய்வாளருக்கு என்ன ஞாபகம் என்று கேட்க
படிவத்தில் கட்டம் கிடையாது.

இரண்டாவது கோப்பு பதினொரு தாள், ஒரு கிளிப்.
ஸ்ப்ரிங்டேல் கோழி ஆலை, இரவு ஷிப்ட்.
மார்ஷல் தீவுகளிலிருந்து வந்தவர்களின் சங்கம்.
பொருளாளர் ஹெமிட்டி லான்வி.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் நாலு டாலர்,
ஒரே ஒரு வக்கீல்,
வெள்ளிக்கிழமை மாலைகளில், சர்ச் கூடத்தில்.
பிணைத்தொகை என்ற இடத்தில்
நீல மையில் எழுதியிருக்கிறாள்:
எங்களிடம் 3,116 இருக்கிறது.
வங்கிப் புத்தகத்தின் நகலும் வைத்திருக்கிறாள்,
நாங்கள் நம்பமாட்டோம் என்று.

அவள் ரேகை அட்டையைப் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.
தெளிவில்லை. மீண்டும் எடுக்கவும்.
மீண்டும் எடுத்தாள். தெளிவில்லை.
குளோரின் தண்ணீரும் எலும்பு பிரிக்கும் கத்தியும்
ஒன்பது வருடத்தில் தேய்த்துவிட்ட விரல்களுக்கு
மூன்றாம் முறை மட்டும் எங்கிருந்து வரும் ரேகை?

நேற்று ஃபோன் செய்தாள்.
பின்னால் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டிருந்தார்கள்.
'என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.'
'சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை' என்றேன்.
இருபத்தொரு வருடமாக
வாயில் சப்பிச் சப்பி வழவழப்பான வாக்கியம்.
'அதற்கு ஒரு வக்கீலைப் பாருங்கள்.'
சற்று நேரம் குழாய் மட்டும் பேசியது.
'அதற்குத்தானே இதைத் தொடங்குகிறோம்' என்றாள்,
கோபமில்லாமல்.

குறைபாட்டுக் கடிதம் கணினியிலேயே தயாராக இருக்கும்;
பெயரை மாற்றினால் போதும்.
பிணை போதாது. ரேகை இல்லை. முப்பது நாள் அவகாசம்.
கூடவே சட்டத்தின் நகல் ஒன்றை வைப்பது வழக்கம்,
யாரும் படிப்பதில்லை.

ஒன்பதாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி:
இலாபமின்றித் தன் உறுப்பினர்களுக்கு மட்டும்
சேவை ஏற்பாடு செய்யும் சங்கத்துக்கு
இந்த அத்தியாயம் பொருந்தாது.

அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
அழித்தேன்.
இன்னும் மெல்லியதாக இழுத்தேன்.
கோடு ஆலோசனை ஆகுமா என்று
மேலதிகாரி லாயிட் டன்னவேயைக் கேட்கலாம்.
கேட்கவில்லை.
உறையை நாக்கால் ஒட்டினேன்.

பிறகு செங்கலை இழுத்தேன்.
ஒவ்வொரு தாளாக, மதியம் முழுவதும்,
ஒரு கையெழுத்தாவது விடுபட்டிருக்காதா என்று.
விடுபடவில்லை.

உரிமம் வழங்கப்படுகிறது.
முத்திரையில் மை நன்றாகப் பிடித்தது.